1929 ஃபோர்டு மாடல் ஏ: கதவில் இருப்பது சாதாக் கண்ணாடி, மாற்றலாமா?

திருச்சி_மாடல்ஏ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1929 ஃபோர்டு மாடல் ஏ டியூடர் (இரண்டு கதவு வண்டி) ஒன்று இருக்கிறது. கனடாவில் கட்டி அனுப்பிய வலது பக்க ஸ்டீயரிங் வண்டி. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் பல வருடம் நின்றதை வாங்கி வந்தோம். டிங்கரிங், பெயின்டிங் முடிந்தது. கூரைச் சட்டத்தில் உளுத்துப்போன மரத்தையெல்லாம் தேக்கில் மாற்றியாகிவிட்டது. எஞ்சின் முதல் கிராங்கிலேயே பிடிக்கிறது. இப்போது வேலை நிற்பது கண்ணாடியில்தான்.

மொத்தம் ஆறு கண்ணாடி. முன்னால் ஒன்று, இரண்டு கதவிலும் ஒவ்வொன்று, பின்சீட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, முதுகுப் பக்கம் ஒன்று. முன் கண்ணாடி ஓரமெல்லாம் தேன் நிறத்துக்கு மஞ்சளித்துவிட்டது. மேல் மூலையில் குமிழ் குமிழாகக் கிளம்பி, அங்கிருந்து கொடி கொடியாக உள்ளே ஓடுகிறது. விரலால் தடவினால் மேலே ஒன்றும் தட்டுப்படவில்லை. அழுக்கு உள்ளேதான் இருக்கிறது. சாயங்கால வெயில் எதிரே வந்தால் ரோடு தெரிவதில்லை.

மற்ற ஐந்தும் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் வலது கதவுக் கண்ணாடி யாரோ பிற்பாடு போட்டது போல. மற்றவற்றைவிட மெலிசு. அது ஆடாமல் இருக்கக் கீழ்ச் சேனலில் சினிமா போஸ்டரை மடித்துச் செருகியிருந்தார்கள்.

கடையில் கேட்டால் “ஜன்னலுக்குப் போடும் 5 மி.மீ. போதும், இன்றைக்கே வெட்டித் தருகிறேன்” என்கிறார்கள். பாடி வேலை செய்தவர் டஃபன்ட் (காய்ச்சிக் கடினமாக்கிய கண்ணாடி) போடச் சொல்கிறார். நண்பர் ஒருவரோ, எதை மாற்றினாலும் ஒரிஜினல் போய்விடும், பழங்கால வண்டிகளுக்குத் தருகிற விஏ நம்பர் வாங்கும்போது சிக்கல் வரும் என்று பயமுறுத்துகிறார். என் இரண்டு பெண்களும் பின்சீட்டில்தான் உட்காரப் போகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஏற்காடு_எஸ்டேட் எழுதியது:

தம்பி, முன் கண்ணாடியை மாற்றுங்கள், அது பார்வையை மறைக்கிறது. மற்றவற்றில் கை வைக்காதீர்கள் என்பது என் கருத்து. மாடல் ஏ கதவில் ஃபோர்டு கம்பெனியே சாதா பிளேட் கண்ணாடிதான் போட்டது. தேய்த்து மெருகேற்றிய அந்தக் காலத்துக் கண்ணாடி இன்று கிடைக்காது. இத்தனை வருடம் உடையாமல் வந்திருக்கிறது. இந்த வண்டியை யாரும் நூறில் ஓட்டப் போவதில்லை. என் வண்டியிலும் பழைய கண்ணாடியே இருக்கிறது, மலைப் பாதையில்தான் ஓட்டுகிறேன். வலது கதவுக்கு மட்டும் தடிமன் பார்த்து ஒன்று வெட்டிப் போட்டால் போதும்.

---

உக்கடம்_கண்ணாடிக்காரர் எழுதியது:

ஏற்காடு ஐயா சொன்ன ஒரு விஷயம் முழுக்கச் சரி. மாடல் ஏ கதவில் வந்தது சாதா பிளேட் கண்ணாடிதான். ஆனால் அதனால் அங்கே அதுவே இருக்கட்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோயமுத்தூர் உக்கடத்தில் எங்கள் அப்பா காலத்திலிருந்து கண்ணாடிக் கடை. வீட்டுக் கண்ணாடி வெட்டியே வளர்ந்தவன் நான். பழைய வண்டிகளுக்கு வெட்டித் தருவது பிற்பாடு வந்த ஆசை. சாதாக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் முன் கண்ணாடி. நீங்கள் சொல்லும் மஞ்சளையும் குமிழையும் வைத்துப் பார்த்தால் அது அந்தக் காலத்து லேமினேட்டட். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு செல்லுலாய்டுத் தாள். இதற்கு வழி போட்டவர் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர். ஓவியர், வேதியியலும் படித்தவர். 1903இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை அலமாரியிலிருந்து விழுந்தது. விரிசல் விட்டதே தவிர சிதறவில்லை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து தோலாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909இல் காப்புரிமைக்குப் போனார். மூன்று அடுக்கு என்பதால் டிரிப்ளெக்ஸ் என்று பெயர் வைத்தார். கார் கம்பெனிகள் விலையைப் பார்த்து அப்போது தள்ளிப் போட்டன. முதல் உலகப் போரில் வாயு முகமூடிகளின் கண்ணாடிக்குத்தான் அது நிறையப் பயன்பட்டது.

சாதாரண விலையில் விற்கிற காருக்கு அதைக் கொண்டுவந்தது உங்கள் மாடல் ஏதான். சோதனை ஓட்டத்தில் நடந்த மோதலில் ஃபோர்டின் பொறியாளர் ஒருவர் முன் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய் விழுந்தார், கை கிழிந்தது. அதன்பிறகு ஹென்றி ஃபோர்டு முன் கண்ணாடிக்கு லேமினேட்டட்தான் என்று முடிவு செய்தார். அடுத்த சில வருடங்களில் மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். ஆகவே தம்பி, உங்கள் காரில் பாதுகாப்புக் கண்ணாடி என்பது ஒட்டுப்போட்ட புது விஷயமே அல்ல. கட்டின ஆள் தொடங்கிவைத்து, செலவு கருதி முன் கண்ணாடியோடு நிறுத்திய வேலை.

அந்தச் செல்லுலாய்டுக்கு இரண்டு எதிரி. வெயில் பட்டால் மஞ்சளிக்கும். ஓரம் வழியாக ஈரம் ஏறினால் கண்ணாடியை விட்டுப் பிரியும். அந்த நாளிலேயே இது தெரிந்து, ஓரத்தில் பிசின் பூசி அடைத்தார்கள். அடைப்பு காய்ந்து வெடித்தபின் நம் ஊர் ஐப்பசி மழைக்கு எத்தனை வருடம் தாங்கும்? உங்கள் மேல் மூலையில் தொடங்கியதற்குக் காரணம், அந்தக் கண்ணாடி மேலே கீல் போட்டு வெளியே தள்ளித் திறக்கிற வகை. கூரையிலிருந்து வழிகிற தண்ணீர் முதலில் நிற்கும் இடம் அதுதான். எதைப் போட்டுப் பாலிஷ் செய்தாலும் அந்த மஞ்சள் போகாது. கழற்றி, காகிதம் சுற்றி, படுக்க வைக்காமல் நிற்க வைத்துப் பத்திரப்படுத்துங்கள். 1930களின் கடைசியில் பிவிபி என்கிற நடுத்தாள் வந்த பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. இன்றைக்கு எல்லாக் காரின் முன் கண்ணாடியிலும் இருப்பது அதுதான்.

இப்போது கதவு. “இத்தனை வருடம் உடையவில்லை” என்றால், இத்தனை வருடம் அதன்மேல் ஒன்றும் மோதவில்லை என்றுதான் பொருள். சாதாக் கண்ணாடி உடையும்போது நீள நீளமாக, ஒரு முனை ஊசியாகப் பிளக்கும். எங்கள் கடையில் ஒருமுறை ஒரு பையன் 5 மி.மீ. கண்ணாடித் தாளை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தான். தாளின் கீழ் மூலை வாசற்படியில் லேசாகத் தட்டியது, அவ்வளவுதான். மேலிருந்து ஒரு துண்டு அதன் பாரத்திலேயே நழுவி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறங்கியது. அவன் ஓடவில்லை, விழவில்லை, சும்மா நடந்து வந்தான். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளித் தலை இருக்கும்போது, அதே கண்ணாடி என்ன செய்யும் என்று நான் எழுத வேண்டாம். மெதுவாகப் போகிற வண்டி என்பது சரி. எதிரே வருகிறவன் மெதுவாக வர மாட்டானே!

டஃபன்ட் வேறு வழி. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகு ஆறிச் சுருங்கும்போது மேல்தோலை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தால்தான் பலம். ஒரு இடத்தில் உடைந்தால் தாள் முழுக்க ஒரே நொடியில் கற்கண்டுத் துண்டுகளாகக் கொட்டிவிடும். அரிவாள் முனை கிடையாது. அந்தக் காலத்து அம்பாசிடர், ஃபியட், லாரி ஓட்டியவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். முன்னால் போகிற லாரி டயர் ஒரு கல்லைத் தெறித்தால் போதும், முன் கண்ணாடி மொத்தமும் வெள்ளையாகப் பூத்து எதுவும் தெரியாது. டிரைவர் முஷ்டியால் குத்தி ஓட்டை போட்டுத்தான் ஓரம் கட்டுவார். அதனால் முன்னால் டஃபன்ட் வேண்டவே வேண்டாம்.

நான் போடச் சொல்வது இதுதான். முன்னால் லேமினேட்டட், நடுத்தாள் 0.76 மி.மீ. இருக்கிறதாகக் கேட்டு வாங்குங்கள். கதவு, பக்கவாட்டு, முதுகுக் கண்ணாடி எல்லாம் லேமினேட்டட் 6.38. மூணும் மூணும் ஆறு, நடுத்தாள் 0.38. உங்கள் பழைய பிளேட் கண்ணாடியை அளந்து பாருங்கள், கால் அங்குலத்தை ஒட்டி வரும். கால் அங்குலம் என்பது 6.35. பழைய சேனலில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், வெளியே நின்று பார்ப்பவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

வலது கதவில் இருக்கும் மெலிசை, வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், இந்த வாரமே கழற்றிவிடுங்கள். தளர்ந்த சேனலில் ஆடிக்கொண்டிருக்கிற சாதாக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

---

வேகவதி_கண்மருத்துவர் எழுதியது:

கண்ணாடிக்காரர் ஐயா சொன்னதைக் கண் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் கொஞ்சம் நிரப்புகிறேன்.

சாதாக் கண்ணாடிக் காயம் ஒரு கோடாக வரும். இமையையும் விழியையும் ஒரே வீச்சில் வெட்டியிருக்கும். டஃபன்ட் கண்ணாடியில் அப்படி நீள வெட்டு குறைவு, ஆனால் கற்கண்டுத் துண்டோடு பொடியும் பறக்கும். அந்தப் பொடியை எடுப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. இரும்புத் துகள் என்றால் கறுப்பாகத் தெரியும், ஒரு நாளில் துரு வளையமும் காட்டிக்கொடுக்கும். கண்ணாடித் துகள் கண்ணீரில் கரைந்த மாதிரி மறைந்துவிடும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஸ்லிட் விளக்கின் ஒளிக்கோட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, நோயாளியை மேலே பார், கீழே பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு நொடி மின்னும். மின்னிய இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஊசியைக் கொண்டுபோக வேண்டும். மேல் இமையைத் திருப்பிப் பார்க்காமல் அனுப்பினால் நோயாளி மறுநாள் கண்டிப்பாகத் திரும்பி வருவார்.

லேமினேட்டட் முழுப் பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். பழைய 0.38 நடுத்தாளில் தலை வேகமாக மோதினால் தாளே கிழிந்து தலை ஓட்டைக்குள் போகும். கழுத்தைச் சுற்றி வெட்டு விழும். அமெரிக்காவில் 1960களின் நடுவில் நடுத்தாளை 0.76 ஆக இரட்டித்ததற்கு இதுதான் காரணம். அதனால் முன்னால் 0.76 என்று ஐயா சொன்னதை விலைக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கண்ணாடியைவிடப் பெரிய காப்பு சீட் பெல்ட். பிரிட்டனில் 1983 ஜனவரி 31 முதல் முன்சீட்டில் பெல்ட் கட்டாயமானது. அதற்குப் பிறகு விழியைத் துளைக்கும் விபத்துக் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. அப்போது ஓடிக்கொண்டிருந்த கார்களில் பலவற்றின் முன் கண்ணாடி டஃபன்டாகவே இருந்தும் குறைந்தன. உங்கள் காரில் பெல்ட் இல்லை. சட்டத்தில் துளை போட மனம் வராது என்று புரிகிறது. குறைந்தபட்சம் பின்சீட்டின் அடியில் உள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தில் இடுப்புப் பெல்ட்டுக்கு இடம் கிடைக்குமா என்று நல்ல வெல்டரிடம் காட்டுங்கள். பெண்கள் இருவருக்காகச் சொல்கிறேன்.

ஒரு கேள்வியும் உண்டு. டியூடரில் பின்சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாதே? எல்லாப் பக்கமும் லேமினேட்டட் போட்டால், கதவு நசுங்கிச் சிக்கிக்கொள்ளும் நேரத்தில் பிள்ளைகள் எப்படி வெளியே வருவார்கள்? லேமினேட்டட்டைச் சுத்தியலால் அடித்தாலும் சுலபத்தில் வழி கிடைக்காது.

---

தாம்பரம்_கிளாசிக் எழுதியது:

விஏ நம்பர் பற்றி மட்டும் சொல்கிறேன். 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி 50 வருடத்துக்கு மேற்பட்ட, அசல் வடிவில் பேணப்பட்ட வண்டி தகுதி பெறும். பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது என்று அது குறிப்பிடுவது சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் இவற்றைத்தான். கண்ணாடி அந்தப் பட்டியலில் இல்லை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நண்பர் பயமுறுத்துவதில் பொருளில்லை.

மறுபக்கமும் பாருங்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன் கண்ணாடியும் ஜன்னலும் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. முன்னாலும் பின்னாலும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். உங்கள் பழுத்த முன் கண்ணாடியை அந்த அளவில் வைத்துப் பார்த்தால் தேறுவது கடினம். புதுசு வாங்கும்போது ஐஎஸ் 2553 பாகம் 2 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், வண்டிக் கண்ணாடிக்கான தரம் அது. கட்டடத்துக்கு விற்கிற 6.38இல் அந்த முத்திரை இருக்காது. பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குத் தட்டைக் கண்ணாடி கொடுப்பவர்களிடம் கேட்டால் முத்திரையோடு கிடைக்கும். முத்திரை உள்ள மூலை உங்கள் துண்டில் வருகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். அதைக் கீழ் மூலையில் வைத்துவிட்டால் ராலியில் நடுவர் கண்ணையும் உறுத்தாது.

---

யாழ்_மொறிஸ் எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் வைத்திருக்கிறேன், முன்னுக்கு இரண்டு தட்டைக் கண்ணாடி வருகிற பழைய மொடல். 1956இல் வந்த மைனர் 1000இல்தான் ஒற்றை வளைந்த கண்ணாடி. எங்கட பக்கம் ஆஸ்டின் ஏ40, மைனர் எல்லாம் இன்னும் ஓடுகிறபடியால் கண்ணாடி அடையாளம் பார்க்கிற வழி பலருக்கும் பழக்கம்.

உங்கள் ஐந்து கண்ணாடியும் சாதாதான் என்று முடிவு கட்டுமுன் ஒருக்கால் பாருங்கோ. பழைய ஆங்கிலேயக் கண்ணாடியின் மூலையில் டிரிப்ளெக்ஸ் என்று பொறித்திருக்கும், கூடவே டஃபன்ட் அல்லது லேமினேட்டட் என்றும் இருக்கும். அந்த எழுத்துகளை ஒட்டிச் சின்னப் புள்ளிகள் வைத்திருப்பார்கள், செய்த காலத்துக்கான குறி அது. நகத்தால் வருடினாலும் தெரியும், டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தாலும் தெரியும். முத்திரை அழிந்திருந்தால், போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காலையிலோ பின்னேரத்திலோ வானம் தெறிக்கிற கோணத்தில் பாருங்கோ. டஃபன்ட் என்றால் கறுப்புத் திட்டுகள் வரிசையாகத் தெரியும். சாதாக் கண்ணாடியில் அப்படி ஒன்றும் வராது. லேமினேட்டட் என்றால் கழற்றி ஓரத்தைப் பார்த்தாலே நடுவில் கோடு இருக்கும், காசால் தட்டினால் மொத்தைச் சத்தம்.

மாடல் ஏ கண்ணாடி 1929க்குப் பிறகு எத்தனை கை மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். நடுவில் யாரும் நல்லது ஒன்றைப் போட்டிருந்தால் அதை ஏன் கழற்றி எறிவான்?

---

திருச்சி_மாடல்ஏ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஐந்தையும் கழற்றினோம். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னபடி போலரைஸ்ட் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். எதிலும் திட்டு இல்லை, முத்திரை இல்லை, ஓரத்தில் கோடும் இல்லை. ஐந்தும் சாதாதான். நான்கு 6.3 மி.மீ. சுற்றி வருகின்றன, வலது கதவு 4 கூட இல்லை. அதன் கீழ் ஓரத்தைச் சேனலிலிருந்து இழுத்ததும் போஸ்டர் காகிதத்தோடு ஒரு பிறைத் துண்டும் வந்தது. உள்ளே ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கிறது, கதவை அறையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது.

டாக்டர் அம்மா கேட்டது என் மனைவிக்கு அப்படியே பட்டுவிட்டது. பின்சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு மட்டும் டஃபன்ட் போடலாமா? சின்னச் சுத்தியல் ஒன்றைச் சீட்டுக்கு அருகில் மாட்டிவிடுகிறோம். கண்ணாடிக்காரர் ஐயாவுக்கு இதில் சம்மதமா? லேமினேட்டட்டை இங்கேயே வெட்ட முடியுமா? திருச்சியில் கேட்டால் “அதெல்லாம் வெட்ட வராது, பிளாஸ்டிக் விடாது” என்கிறார்கள்.

---

உக்கடம்_கண்ணாடிக்காரர் எழுதியது:

டாக்டர் அம்மா சொன்னது சரியான யோசனை. நான்கு கதவு வண்டி என்றால் என் கருத்திலேயே நிற்பேன், டியூடரின் பின்சீட்டு வேறு. பக்கவாட்டு இரண்டும் 6 மி.மீ. டஃபன்ட் போடுங்கள். ஆனால் டஃபன்ட்டைக் காய்ச்சின பிறகு ஒரு நூலளவுகூட வெட்ட முடியாது, துளை போட முடியாது, ஓரம் தேய்த்தாலும் கொட்டிவிடும். அதனால் அளவு முதலிலேயே கச்சிதமாக இருக்க வேண்டும். பழைய கண்ணாடியை அச்சாக வைக்காதீர்கள், பாடி வேலையில் சட்டம் நகர்ந்திருக்கும். 3 மி.மீ. ஹார்ட்போர்டில் வெட்டி, புது ஃபெல்ட் சேனலை மாட்டி, கண்ணாடி மிஷினோடு பூட்டி ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல், எங்கும் ஆடாமல் வருகிற அட்டையைத்தான் ஆலைக்கு அனுப்ப வேண்டும். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று, தனித்தனியாக. திருப்பிப் போட்டால் சரியாக வரும் என்று நம்பாதீர்கள், கையால் கட்டிச் சரிசெய்த வண்டியில் அது வராது.

லேமினேட்டட் வெட்ட வரும். தட்டைக் கண்ணாடிதானே. மேசையில் கம்பளி விரித்து, தாளை ஸ்பிரிட்டால் துடைத்து, ஆயில் கட்டரால் ஒரே இழுப்பில் ஒரு கோடு. விட்டுவிட்டுப் போட்டால் விரிசல் வழிமாறும். தாளைத் திருப்பி, அதே கோட்டின் நேர் மேலே மறுபக்கமும் ஒரு கோடு. இது இம்மி விலகினாலும் ஓரம் படியாக நிற்கும். பிறகு கோட்டின் கீழே மெல்லிய சட்டம் வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் “டிக்” என்று ஓடும். திருப்பி மறுபக்கமும் ஓட விட வேண்டும். இப்போது கண்ணாடி பிரிந்திருக்கும், நடுத்தாள் மட்டும் கீல் போலப் பிடித்துக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் விடாது என்று அவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

அந்தப் பிளவில் மெதிலேட்டட் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பற்ற வையுங்கள். நீலச் சுடர் கோட்டோடு ஓடி, சில நொடியில் தானே அணையும். அந்தச் சூட்டில் பிவிபி இளகிவிடும். இரண்டு கையாலும் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் ஒரு மயிரிழை இடைவெளி திறக்கும். அதில் சவர பிளேடை விட்டு ஒரே வீச்சில் அறுத்தால் முடிந்தது. ஸ்பிரிட் அதிகமானால் ஓரம் சூட்டில் தெறிக்கும். பெயின்ட் அடித்த கொட்டகையில் இதைச் செய்யவே கூடாது, தின்னர் ஆவி இருக்கும். திறந்த வெளியில், நிழலில், ஈரச் சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். உங்கள் கதவின் வளைவு மூலைகளை ஒரே வெட்டில் எடுக்க முடியாது. சின்னச் சின்ன நேர்வெட்டுகளாகக் குறுக்கி, மீதியை பெல்ட்டில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத்தான் வளைவு கொண்டுவர வேண்டும். ஓரம் முழுக்க உப்புத்தாளால் கூர் மழுக்குங்கள். லேமினேட்டட் விரிசல் விடுவதெல்லாம் ஓரத்தில் விட்டுவைத்த ஒரு சின்னப் பல்லில்தான் தொடங்கும். திருச்சியில் யாரும் துணியவில்லை என்றால் அட்டையைக் கொண்டு வாருங்கள், வெட்டித் தருகிறேன்.

மாட்டும்போது இரண்டு எச்சரிக்கை. கீழ்ச் சேனலுக்குக் கார்க்கும் ரப்பரும் கலந்த டேப் போடுங்கள், காகிதம் வேண்டாம். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைக் கம்பளி மேல் நிறுத்தி, சேனலை மேலிருந்து இறக்கி, கட்டையை வைத்து நீளம் முழுக்கச் சமமாகத் தட்டி ஏற்றுங்கள். ஒரு முனையில் மட்டும் அடித்தால் மறு முனை விரியும்.

இன்னொன்று சிலிக்கன். முன் கண்ணாடிச் சட்டத்தில் தண்ணீர் புகாமல் இருக்கக் கட்டாயம் யாராவது சிலிக்கன் இழுப்பார்கள். டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதைத் தொடாதீர்கள். அந்த அமிலம் பிவிபி ஓரத்தைத் தின்று, வெள்ளைப் பூப்பு உள்ளே ஏறும். ஆளி எண்ணெய் போட்டுப் பிசைந்த பழைய காலத்து மக்கும் (புட்டி) அப்படித்தான். நியூட்ரல் என்று எழுதிய டியூப் கேளுங்கள், விலை கொஞ்சம் கூட. அதைக்கூட நேரே பூசாமல், முதலில் ரப்பர் பீடிங்கை உட்கார வைத்து, மேல் விளிம்பில் மட்டும் இழுங்கள். கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வடிய ஃபோர்டு துளை விட்டிருந்தால், அதை பெயின்ட் அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.

---

ஏற்காடு_எஸ்டேட் எழுதியது:

கண்ணாடிக்காரர் ஐயா, அந்தப் பையனின் கையைப் பற்றிப் படித்த பிறகு என் கருத்தை நான் வற்புறுத்தப் போவதில்லை. பழைய பிளேட் கண்ணாடிகளைத் திருச்சித் தம்பி தூக்கிப் போட வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். காகிதம் சுற்றி, எந்தச் சட்டத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். என்னுடையது பீட்டன், பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது, முன் கண்ணாடி மட்டும்தான். அதன் ஓரத்தைப் பார்த்தேன், நடுவில் கோடு இல்லை. அப்படியானால் யாரோ சாதாவை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அட்டை வெட்டி உக்கடத்துக்குக் கொண்டு வருகிறேன். 0.76 தாள் கையிருப்பில் இருக்கிறதா, சொல்லி வைக்க வேண்டுமா?

---

உக்கடம்_கண்ணாடிக்காரர் எழுதியது:

சொல்லி வைக்க வேண்டும் ஐயா. முத்திரையுள்ள தாள் முழுசாகத்தான் வரும், ஒரு தாளில் இரண்டு முன் கண்ணாடிக்கும் இடம் இருக்கும். நீங்களும் திருச்சித் தம்பியும் ஒரே சமயத்தில் அட்டை அனுப்பினால் இருவருக்கும் செலவு பாதியாகும். பீட்டனுக்கு முன் கண்ணாடிச் சட்டம் வேறு அளவு, அதனால் சட்டத்தையும் கழற்றியே கொண்டு வாருங்கள்.